அறுபது தாண்டிய கண்ணுக்கு எந்த பைனாகுலர்?

பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கத் தொடங்க புதுச்சேரி, கடலூர் வட்டாரம் போல் வசதியான இடம் கிடைப்பது அரிது. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் புதுச்சேரியை ஒட்டியே இருக்கின்றன. வடக்கே கழுவேலி, தெற்கே குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி, இன்னும் தெற்கே போனால் வீராணமும் பிச்சாவரமும். எதற்கும் காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். பிச்சாவரம் 2022-லும் கழுவேலி 2024-லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் ஆசையாக வாங்கிய பைனாகுலரை இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண் சரியில்லப்பா, நீங்களே பாருங்க" என்று அலமாரியில் வைத்துவிடும் பெரியவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு கண்ணில் இல்லை. இளைஞனின் கண்ணுக்குப் பொருந்துகிற கருவியை வயதானவர் கையில் கொடுத்ததுதான் கோளாறு. கண் கொஞ்சம் விலகினாலும், கை கொஞ்சம் நடுங்கினாலும், மூக்குக் கண்ணாடி குறுக்கே நின்றாலும் காட்சியைக் கெடுக்காத பைனாகுலர்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். உங்களுக்கே வாங்கினாலும் சரி, அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாலும் சரி, கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் கண் மருத்துவர், பிறகு கடை

ஒரு வருடத்துக்கு மேலாகக் கண் பரிசோதனை செய்யவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். கண்புரை முற்றியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காட்சி பனிமூட்டமாகத்தான் தெரியும். கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மரிலும் கண் பிரிவு இருக்கிறது. கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால் பைனாகுலரைத் தள்ளிப்போடுங்கள். அறுவைக்குப் பின் கண்ணின் பவர் மாறும். அது நிலைப்பட்டு, மருத்துவர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்த பிறகு வாங்குவதே சரி.

பரிசோதனைச் சீட்டில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரு கண்களின் தூரப் பார்வை பவர், சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருக்கிறதா, எவ்வளவு. இவை பின்னால் வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கும்பலாக மிதந்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் உள்ள இரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள்

8×42 என்று போட்டிருந்தால் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் கண்ணருகே விழும் ஒளிவட்டத்தின் அகலம். எக்ஸிட் பியூப்பில் என்று இதைச் சொல்வார்கள். வயதானவருக்கு வாங்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

8×42-க்கு ஒளிவட்டம் 5.25 மி.மீ. 7×35-க்கு 5. 10×42-க்கு 4.2. 8×32-க்கு 4. சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-க்கு வெறும் 2.5.

வெயிலில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கியிருக்கும். 10×25-இல் வட்டமும் பாவையும் ஏறக்குறைய ஒரே அளவு. கண் ஒரு மி.மீ. நகர்ந்தால் வட்டத்தின் ஒரு பக்கம் பாவைக்கு வெளியே போய்விடும். காட்சியில் கருப்பு நிழல் பிறை போல ஏறும். கையை அசைக்காமல் பிடிக்க முடிந்தவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. விரல் நடுங்குகிறவருக்கு நிழல் வருவதும் போவதுமாகவே இருக்கும், பறவை கிடைக்காது. 8×42-இல் பாவையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மி.மீ.க்கு மேல் இடம் மிச்சம். கண் சற்று விலகினாலும் காட்சி அறுபடாது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. வயதானால் கண்பாவை இருட்டிலும் முழுதாக விரியாது, இளவயதில் 7 மி.மீ. வரை விரிந்தது அறுபது எழுபதில் 5 அல்லது அதற்கும் குறைவாக நின்றுவிடும், அதனால் பெரிய ஒளிவட்டம் வீண் என்பார்கள். வெளிச்சக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் வயதானவருக்குப் பெரிய வட்டம் வேண்டியிருப்பது வெளிச்சத்துக்காக மட்டுமல்ல, கண் பொருந்தி நிற்பதற்காக. அந்த லாபம் எந்த வயதிலும் குறையாது. சின்ன வட்டத்தில் இன்னொரு சிரமமும் உண்டு: கண்ணுக்குள் இயல்பாகவே மிதக்கும் பழைய புள்ளிகளும் இழைகளும் அதில் துலக்கமாகத் தெரிந்து தொந்தரவு செய்யும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, வானத்தை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வெள்ளை வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருப்பது மலிவான பிரிஸம், அதாவது தலைகீழான காட்சியை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி. பேக்-4 கண்ணாடிப் பிரிஸத்தில் வட்டம் முழுசாக இருக்கும். பிகே-7 வகையில் ஓரம் மங்கும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள். பைனாகுலர் வழியே சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும்.

மூக்குக் கண்ணாடியும் ஐ ரிலீஃபும்

பின் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதே ஐ ரிலீஃப். கண்ணாடி போடுகிறவருக்கு இது 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தடித்த பிரேம், அதிகப் பவர் என்றால் 18 தேடுங்கள். 12 மி.மீ. உள்ள கருவியைக் கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரியும், சாவித்துவாரத்தில் எட்டிப் பார்க்கிற கதைதான். குறிப்பேட்டில் போட்டிருக்கும் எண் முழுக்கக் கைக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐகப், அதாவது பின் லென்ஸைச் சுற்றிக் கண் படும் வளையம், அதன் விளிம்புக்குள் லென்ஸ் பதிந்திருக்கும் ஆழம் அதில் கழிந்துவிடும். ஆகவே போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணாடியோடு பார்ப்பவர் ஐகப்பை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். கண்ணாடி இல்லாதவர் முழுக்க ஏற்ற வேண்டும். திருகினால் ஏறி இறங்கி, நடுவிலும் ஓரிரு இடங்களில் நிற்கும் வகையே நல்லது. மடக்கும் ரப்பர் வகை நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா? கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் பார்க்கலாம். காட்சியைக் கூர்மையாக்கும் நடுச் சக்கரம் அதைச் சரிசெய்துவிடும். கிட்டப்பார்வை பவர் அதிகமுள்ளவர் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: கண்ணாடி இல்லாமல் வெகு தூரத்துப் பொருளைக் கூர்மையாக்கிய பிறகும் சக்கரம் இன்னும் சற்றுத் திரும்புகிறதா? முட்டி நின்றுவிட்டால் அந்தக் கருவி உங்களுக்குப் போதாது. சிலிண்டர் பவர் 1-க்கு மேல் இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். சிலிண்டரை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது.

எங்கள் கருத்தில் பவர் எதுவானாலும் கண்ணாடியோடே பார்த்துப் பழகுவது மேல். கழற்றி, கழுத்தில் தொங்கவிட்டு, பைனாகுலரைத் தூக்குவதற்குள் மீன்கொத்தி போய்விடும். பைஃபோகல், புரோக்ரசிவ் கண்ணாடி போடுகிறவர்கள் தலையை நிமிர்த்தாமல், நேராக வைத்து மேல் பாதி வழியாகப் பார்க்க வேண்டும். கீழ்ப் பாதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் எவ்வளவு சக்கரம் திருப்பினாலும் மசமசவென்றுதான் இருக்கும்.

எட்டு போதும், பத்து வேண்டாம்

பத்து மடங்கு காட்டும் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். நடுங்கும் பத்து மடங்குக் காட்சியைவிட நிதானமான எட்டு மடங்குக் காட்சியில்தான் நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே இருக்கும் இடைவெளி தெளிவாகத் தெரியும். காட்சி அகலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒரு டிகிரி என்பது 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 17.5 மீட்டர். 8 டிகிரி காட்டும் எட்டு மடங்குக் கருவியில் 140 மீட்டர் அகலம் தெரியும். 6 டிகிரி காட்டும் பத்து மடங்கில் 105 மீட்டர்தான். கழுத்தை வேகமாகத் திருப்ப முடியாதவருக்கு அந்த அகலம் பெரிய உதவி. பறந்து போகும் ஆலாவைத் தேடிப் பிடிக்க வேண்டுமே!

கை நடுக்கம் அதிகமுள்ளவருக்கு 7×35 இன்னும் நல்லது, ஐ ரிலீஃப் போதுமானதாக இருந்தால். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் ஏழு மடங்குதான் ஒத்துவரும். 7×50 என்ற கடலோடிக் கருவியின் ஒளிவட்டம் 7 மி.மீ.க்கு மேல், கண்ணை எங்கே வைத்தாலும் காட்சி தெரியும். ஆனால் எடை ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். படகில் மடியில் வைத்துக்கொள்ளலாம், ஏரிக்கரையில் சுமந்து நடக்க முடியாது.

நடுக்கத்தைக் கருவியே அடக்கும் மின்சார வகையும் உண்டு. கேனான் 10×30 அப்படிப்பட்டது. பொத்தானை அழுத்தினால் காட்சி அப்படியே நிற்கும், பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆனால் ஒளிவட்டம் 3 மி.மீ. மட்டுமே, இரண்டு பேட்டரி வேண்டும், விலையும் பல மடங்கு. நடுக்க நோய் உள்ளவருக்கு அந்தச் செலவு நியாயமானது. மற்றவர்கள் கையை ஊன்றிக்கொள்ளக் கற்றாலே போதும்.

எடையில், குழல் நேராக இருக்கும் 8×42 ரூஃப் பிரிஸம் வகை 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். கூடவே வரும் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரு தோளிலும் எடையைப் பகிரும் ஹார்னஸ் பட்டை வாங்கிப் போடுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு இது அவசியம். அதுவும் கனம் என்றால் 8×32-க்கு இறங்கலாம், 10×25-க்கு இறங்க வேண்டாம்.

வாங்கவே கூடாதவை

"ஃபோகஸ் ஃப்ரீ" என்று விற்கப்படுபவை. சக்கரமே இருக்காது, தானாகக் கூர்மையாகும் என்பார்கள். உண்மையில் கூர்மையாக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண் லென்ஸ்தான் செய்கிறது. நாற்பதில் தொடங்கி அந்த லென்ஸ் இறுகி, அறுபதில் அந்தத் திறன் ஏறக்குறைய போய்விடும். அதனால்தான் படிக்கக் கண்ணாடி போடுகிறோம். வயதானவருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி இல்லை.

10-30 என்று மடங்கை ஏற்றி இறக்கும் ஜூம் வகையும் வேண்டாம். 30 மடங்கில் 50 மி.மீ. லென்ஸின் ஒளிவட்டம் 1.7 மி.மீ. ஆகிவிடும், காட்சி குறுகும், இருளும், இரு குழலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதும் அதிகம். சிவப்பாக மினுங்கும் ரூபி பூச்சு லென்ஸ் நிறத்தைத் திருடிவிடும்.

பூச்சைப் பற்றி ஒரு கணக்கு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வந்து சேராது. வயதான கண் லென்ஸ் ஏற்கெனவே மஞ்சளேறி ஒளியைக் குறைத்திருக்கும் நிலையில் இது பெரிய இழப்பு. ஆகவே "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்று முழுதாகப் போட்டிருக்க வேண்டும். வெறும் "கோட்டட்" போதாது. கைக்காசு குறைவு என்றால் போரோ பிரிஸம், அதாவது குழல் நேராக இல்லாமல் தோள் விரிந்த பழைய வடிவம், அதே விலைக்கு நல்ல காட்சி தரும். மழை, ஈரத்தில் அதிகம் புழங்குவீர்கள் என்றால் நைட்ரஜன் நிரப்பி அடைத்த ரூஃப் வகை.

கடையில் பத்து நிமிடச் சோதனை

கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு வாருங்கள். நேரு வீதியில் என்றால் தெருக்கோடிப் பெயர்ப்பலகையே போதும். பெரியவரே வர வேண்டும், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு.

1. ஐகப்பை இறக்கி, நடு மூட்டை விரித்தும் மடித்தும், இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். இரு கண் இடைவெளி குறைவாக உள்ளவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சில கருவிகள் அவ்வளவு நெருங்காது. நெருங்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

2. வட்டத்தின் விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஐ ரிலீஃப் பற்றவில்லை.

3. தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரு குழலிலும் கம்பி ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தெரிந்தால் குழல்கள் கோணலாக இருக்கின்றன. கண் இதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும், கால் மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே மொட்டைமாடியில் இதைச் செய்யுங்கள், திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள்.

4. சக்கரத்தை விரல் நுனியால் திருப்பச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ளவருக்குச் சக்கரம் இறுக்கமாக இருந்தால் பயன்படுத்தவே மாட்டார்.

5. வேண்டுமென்றே கண்ணைச் சற்று இடம் வலம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது? இரண்டு மூன்று கருவிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். மிக நிதானமாக நிழல் ஏறுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயாப்டர்: எல்லாரும் தாண்டிப் போகும் படி

வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், நடுவில் பூஜ்யம் போட்டிருக்கும். இரு கண்ணின் பவர் வித்தியாசத்தைச் சரிசெய்வது அதுதான். ஒரு கண்ணில் மட்டும் கண்புரை அறுவை செய்தவருக்கு இது இல்லாமல் நடக்காது.

ஐம்பது மீட்டர் தள்ளி எழுத்துள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை மூட வேண்டாம். மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கிக் கணக்கு தப்பும். இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். இரண்டையும் திறந்து பாருங்கள். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். பேரன் பேத்தி எடுத்துப் பார்த்தால் வளையம் நகர்ந்துவிடும். வளையம் கடைசிக் கோடு வரை போயும் கூர்மை வரவில்லை என்றால் கண்ணாடியோடு பாருங்கள். அடுத்த கண்ணிலும் அறுவை முடிந்தால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

ஏரிக்கரையில்

பறவையைக் கண்ணால் பிடித்த பிறகு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். பறவை வரப்போகும் தூரத்தில் உள்ள ஒரு செடியிலோ கம்பத்திலோ முன்னதாகவே கூர்மையாக்கி வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றினால் நடுக்கம் பெருமளவு அடங்கும். கைத்தடி வைத்திருப்பவர், தடியை எதிரே ஊன்றி அதன் தலையைப் பிடித்த கை மீது கருவியை அமர்த்தலாம். பனைமரத்தில் சாய்வதும் நல்ல பிடிப்புதான். தொப்பி போட்டிருந்தால் அதன் விளிம்பையும் சேர்த்துப் பிடியுங்கள். பக்கத்து வெயிலும் மறையும்.

காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சூரியனை நோக்கி நின்றால் தொடக்கநிலைக் கண்புரைக் கண்ணில் வெளிச்சம் சிதறி, நாமக்கோழியும் தாழைக்கோழியும் ஒரே கருப்பாகத் தெரியும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் எழும்பி எல்லாம் நெளியத் தொடங்கும். கருவியிலும் கண்ணிலும் குறை தேடாமல் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். இடையிடையே கண் சிமிட்டுங்கள். உற்றுப் பார்க்கும்போது சிமிட்ட மறந்து கண் வறளும், அதனாலும் காட்சி மங்கும்.

பூஞ்சையும் உப்பும்

நம் கரையோர ஈரத்தில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சைதான். கூடவே வரும் துணி உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழை படரும். வெளியே துடைத்து அது போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போட்டு அதில் வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பாருங்கள்.

கடற்கரையிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ திரும்பினால் அன்றே துடைக்க வேண்டும். வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ அல்ல. முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, மென்மையான பிரஷால் தட்டி, அதன் பிறகே லென்ஸ் திரவம் ஓரிரு துளி விட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். மணலோடு தேய்த்தால் பூச்சு கீறிவிடும், கீறிய பூச்சைத் திருப்பிப் போட வழியில்லை. உடம்பில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திவிட்டு டப்பாவில் வையுங்கள். கண் வைக்கும் பக்க லென்ஸில்தான் வியர்வையும் இமை எண்ணெயும் அதிகம் படியும். காட்சி மங்கிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அதை ஒரு முறை துடைத்துப் பாருங்கள்.